சைக்கிள் ரிப்பேர் செய்த கைகள்!

குட்டீஸ், உங்கள் வீட்டில் சைக்கிள் இருக்கிறதா? இறக்கத்தில் வேகமாகப் போகும்போது திடீரென்று பிரேக் பிடிக்காமல் போனால் எப்படி இருக்கும்? நெஞ்சு பக்கென்று ஆகிவிடும் அல்லவா?

மறுநாளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் உள்ள சைக்கிள் கடைக்குப் போவீர்கள். அங்கே கடைக்காரர் என்ன செய்கிறார் என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? முதலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுவார். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றி விடுவார். அது எங்கே உரசுகிறது, எங்கே ஆடுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார். சரியான ஸ்பேனர் இல்லையா? கவலையே படமாட்டார். ஒரு கம்பித் துண்டை வளைத்து, தட்டி, அவரே ஒரு கருவி செய்துகொள்வார்!

இன்று நாம் பார்க்கப் போவதும் அப்படிப்பட்ட ஒரு சைக்கிள் கடைக்காரரின் கதைதான். அவர் கல்லூரிக்குப் போனதில்லை. பள்ளிப் படிப்பைக்கூட முழுதாக முடிக்கவில்லை. ஆனால், இன்ஜின் பொருத்திய விமானத்தில் ஏறி, அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துப் பறந்த முதல் மனிதர் அவர்தான்.

அவர் பெயர் ஆர்வில் ரைட். ஆமாம், ரைட் சகோதரர்களில் இளையவர்!

அம்மாவின் கை வண்ணம்

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் உள்ள ஊர் டேடன். அங்கே 1871-ம் ஆண்டு ஆகஸ்ட் 19-ம் தேதி ஆர்வில் பிறந்தான். அப்பா மில்டன் ஒரு கிறிஸ்தவ மதகுரு. வேலை காரணமாக அடிக்கடி வெளியூர் போய்விடுவார். அம்மா சூசன்தான் பிள்ளைகளுடன் இருப்பார்.

வீட்டில் ஏதாவது உடைந்துவிட்டால் பிள்ளைகள் அப்பாவைத் தேட மாட்டார்கள். அம்மாவிடம்தான் ஓடுவார்கள்! சூசனின் தந்தை குதிரை வண்டி செய்யும் தொழிலாளி. அவருடைய பட்டறையில் விளையாடி வளர்ந்தவர் சூசன். சுத்தியல், வாள், உளி எல்லாம் அவருக்கு அத்துப்படி. பனியில் சறுக்கி விளையாடும் வண்டியைக்கூடத் தன் கையாலேயே பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்தவர் அவர்.

1878-ம் ஆண்டு அப்பா வெளியூரிலிருந்து வரும்போது ஒரு பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம் ஆகியவற்றால் செய்த பொம்மை அது. அதிலிருந்த ரப்பர் பட்டையை முறுக்கி விட்டால் ஜிவ்வென்று கூரை வரை பறக்கும். அண்ணன் வில்பருக்கு அப்போது 11 வயது. ஆர்விலுக்கு 7 வயது. இருவரும் அதை விட்டு விட்டு விளையாடினார்கள். சில நாட்களில் பொம்மை உடைந்து போனது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வேறு வாங்கித் தரச் சொல்லி அழுவீர்களா? அவர்கள் அழவில்லை. அதேபோல் ஒன்றைத் தாங்களே செய்தார்கள். அது பறந்தது. அடுத்து அதைவிடப் பெரிதாக ஒன்று செய்தார்கள். அது பறக்கவில்லை! சிறியது பறக்கிறது, பெரியது ஏன் பறக்க மாட்டேன் என்கிறது? அந்தக் கேள்வி சிறுவன் ஆர்வில் மனதில் ஒட்டிக்கொண்டது.

கல்லறைக் கல்லில் அச்சகம்!

பள்ளியில் படிக்கும்போது ஆர்விலுக்கு அச்சுத் தொழிலில் ஆசை வந்தது. ஆனால், அச்சு இயந்திரம் வாங்கப் பணம் ஏது? அண்ணனும் தம்பியும் ஊரில் கிடைத்த பழைய பொருட்களைச் சேகரித்தார்கள். பயன்படாமல் கிடந்த ஒரு கல்லறைக் கல், பழைய குதிரை வண்டியின் மேற்கூரைக் கம்பிகள், இரும்புத் துண்டுகள்... இவற்றை எல்லாம் சேர்த்து ஓர் அச்சு இயந்திரமே செய்துவிட்டார்கள்!

அச்சுத் தொழிலில் பழகிய ஒருவர் அதைப் பார்க்க வந்தார். இயந்திரத்தின் அடியில் படுத்துப் பார்த்தார். இது ஓடுகிறது என்பது தெரிகிறது, ஆனால் எப்படி ஓடுகிறது என்பதுதான் புரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

1889-ம் ஆண்டு ஆர்வில் தானே ஒரு வாரப் பத்திரிகையை அச்சடித்து வெளியிட்டான். அப்போது அவனுக்கு வயது 17. அதே ஆண்டு ஜூலை 4-ம் தேதி அம்மா சூசன் காசநோயால் இறந்து போனார். கருவிகளைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்த கை போய்விட்டது. அதன்பின் அப்பா, வில்பர், ஆர்வில், தங்கை கேதரின் ஆகியோர் ஒருவருக்கு ஒருவர் ஆதரவாக இருந்தார்கள்.

சைக்கிள் கடை திறந்தாச்சு!

அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுவதும் சைக்கிள் மோகம் பரவியது. அதற்கு முன் இருந்த சைக்கிளில் முன் சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும். ஏறுவதும் கஷ்டம், இறங்குவதும் கஷ்டம். பிறகுதான் இன்று நாம் ஓட்டுவதுபோல் இரண்டு சக்கரமும் ஒரே அளவில் உள்ள சைக்கிள் வந்தது. 1892-ல் ஆர்வில் 160 டாலர் கொடுத்துப் புது சைக்கிள் வாங்கினார். சிக்கனக்காரரான வில்பர், 80 டாலருக்குப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார்.

ரைட் சகோதரர்கள் எதையும் ரிப்பேர் செய்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். எனவே நண்பர்கள் தங்கள் சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்த ஆரம்பித்தார்கள். இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று தோன்றியது. 1892-ம் ஆண்டு இறுதியில் மேற்கு மூன்றாவது தெருவில் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். சைக்கிள் விற்பனை, வாடகை, ரிப்பேர் என்று வேலை சூடு பிடித்தது.

கடையின் பின்பக்கம்தான் அவர்களின் பட்டறை. அதில் ஒரு லேத்து, துளை போடும் இயந்திரம், உளி, அரம் இவ்வளவுதான் இருந்தன. லேத்தைச் சுற்ற இன்ஜின் வேண்டுமே? அதையும் அவர்களே செய்தார்கள்! வீடுகளில் விளக்கு எரிக்கக் குழாயில் வரும் வாயுவில் ஓடும் சிறிய இன்ஜின் அது. அது கூரைக்குக் கீழே உள்ள ஒரு நீண்ட தண்டைச் சுற்றும். தண்டிலிருந்து பெல்ட் மூலம் எல்லா இயந்திரங்களும் ஓடும். பழைய மாவு மில்லில் இப்படித்தான் பெல்ட் ஓடும். உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள்.

1896-ல் அவர்கள் சொந்தமாகவே சைக்கிள் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதில் உயர்ந்த ரகத்தின் பெயர் 'வான் கிளீவ்'. டேடன் ஊரில் முதன்முதலில் குடியேறிய தங்கள் முன்னோரின் நினைவாக வைத்த பெயர் அது.

பிரேக்கும் பெடலும்

அந்தக் காலத்து பிரேக் எப்படி இருக்கும் தெரியுமா? ஹேண்டில்பாரில் ஒரு பிடி. அதை அழுத்தினால் ஒரு நீளமான கம்பி கீழே இறங்கும். அதன் முனையில் கரண்டி போல் ஓர் இரும்பு. அது முன் சக்கர டயரின் மேலேயே போய் அழுத்தும். அவ்வளவுதான்! டயர் சீக்கிரம் தேய்ந்து போகும். மழை பெய்தால் வழுக்கும். பல சைக்கிள்களில் அந்த பிரேக்கும் கிடையாது. பெடலைக் காலால் இறுக்கிப் பிடித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். இறக்கத்தில் வந்தால் அதோகதிதான்!

அப்புறம் வேறொரு பிரேக் வந்தது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் போதும். பின் சக்கரத்தின் ஹப்புக்கு உள்ளேயே ஒரு பாகம் விரிந்து, ஹப்பின் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் நிற்கும். மழையோ சேறோ உள்ளே போகாது. ரைட் சகோதரர்கள் தங்கள் சைக்கிளுக்கு இந்த வகை பிரேக்கையும், எண்ணெய் வெளியே வழியாமல் உள்ளேயே நிற்கும் ஹப்பையும் செய்தார்கள்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஓட்ட ஓட்ட இடது பக்கத்துப் பெடல் தானாகவே கழன்று கீழே விழும். ஏன் அப்படி? நாம் மிதிக்கும்போது பெடலின் மரை, தான் இருக்கும் துளைக்குள் துளித்துளியாக நகர்கிறது. வலது பக்கத்தில் அது இறுகும் திசையில் நகரும். இடது பக்கத்தில் கழலும் திசையில் நகரும். எனவே ரைட் சகோதரர்கள் 1900-ம் ஆண்டில் தங்கள் சைக்கிளின் இடது பெடலுக்கு மட்டும் மரையை எதிர்த்திசையில் வெட்டினார்கள். இப்போது இரண்டு பெடலுமே மிதிக்க மிதிக்க இறுகும். எவ்வளவு எளிய வழி பார்த்தீர்களா? உங்கள் சைக்கிளின் இடது பெடலிலும் மரை அப்படித்தான் இருக்கிறது. போய்ப் பாருங்கள்!

எது கழல்கிறது, ஏன் கழல்கிறது, கழலாமல் இருக்க என்ன செய்யலாம்... இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுக் கேட்டே ஆர்விலின் கைகள் பழகிவிட்டன.

சைக்கிள் சொன்ன ரகசியம்

1896-ல் ஆர்விலுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. பல நாட்கள் நினைவில்லாமல் படுத்திருந்தார். அண்ணனும் தங்கையும் மாறி மாறிப் பக்கத்திலிருந்து கவனித்தார்கள். அந்த ஆகஸ்டு மாதத்தில்தான் ஜெர்மனியைச் சேர்ந்த லிலியந்தால் என்பவர் கீழே விழுந்து இறந்தார். இறக்கை கட்டிக் குன்றிலிருந்து குதித்துக் காற்றில் மிதந்து காட்டியவர் அவர். பல முறை வெற்றிகரமாக மிதந்தவர், ஒருநாள் பலமான காற்று வீசியபோது நிலை தடுமாறி விழுந்துவிட்டார். இந்தச் செய்தியைத் தம்பி உடல் தேறிய பிறகுதான் வில்பர் சொன்னார். சகோதரர்கள் இருவரும் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

மற்றவர்கள் எல்லோரும், தானாகவே ஆடாமல் அசையாமல் பறக்கும் விமானத்தைச் செய்யப் பார்த்தார்கள். ரைட் சகோதரர்களோ சைக்கிள்காரர்கள் அல்லவா? அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். சைக்கிள் தானாக நிற்குமா? நிற்காது. ஓட்டுகிறவர்தான் சாய்ந்து, திருப்பி, அதை விழாமல் வைத்திருக்கிறார். முதல் நாள் எல்லோரும் விழுகிறோம். பழகியபின் அதை நினைப்பதுகூட இல்லை. விமானமும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் கையில் கட்டுப்பாடு இருக்க வேண்டும்.

சரி, காற்றில் விமானத்தை எப்படிச் சாய்ப்பது? 1899-ம் ஆண்டு ஒரு நாள் கடையில் சைக்கிள் ட்யூபு வைக்கும் நீளமான அட்டைப் பெட்டி ஒன்று வில்பர் கையில் இருந்தது. பேச்சுவாக்கில் அதன் இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கினார். சட்டென்று பொறி தட்டியது! இறக்கையையும் இப்படி முறுக்கினால் ஒரு பக்கம் உயரும், மறுபக்கம் தாழும். விமானம் சாயும், திரும்பும். ஒரு காலி அட்டைப் பெட்டி வழி காட்டிவிட்டது.

மூன்றாவது சக்கரம்!

1900, 1901 ஆகிய ஆண்டுகளில் இறக்கை வண்டிகள் செய்து, வட கரோலினா மாநிலத்தில் உள்ள கிட்டி ஹாக் என்ற கடலோரக் கிராமத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே எப்போதும் பலமான காற்று வீசும். விழுந்தால் அடிபடாமல் இருக்க மணல் மேடு உண்டு. ஆனால், கணக்குப் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இறக்கை தூக்கியது. மனம் உடைந்து ஊர் திரும்பினார்கள்.

ஆனால் மனம் உடைந்தாலும், ரிப்பேர்க்காரர் சும்மா இருப்பாரா? எங்கே தவறு என்று தேட ஆரம்பித்தார்கள். ஒரு சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு முன்னால் மூன்றாவதாக ஒரு சக்கரத்தைத் தட்டு போலப் படுக்கை வாட்டில் பொருத்தினார்கள். அதன் விளிம்பில் ஒரு வளைந்த தகடு, ஒரு தட்டையான தகடு. பிறகு டேடன் தெருக்களில் மூச்சு வாங்க வாங்க வேகமாக மிதித்தார்கள். எந்தத் தகட்டைக் காற்று அதிகமாகத் தள்ளுகிறது என்பதைச் சக்கரம் திரும்புவதை வைத்துப் பார்த்தார்கள். தெருவில் போனவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் பாருங்கள்!

அந்தச் சோதனை, கணக்கில் ஏதோ தவறு இருப்பதைக் காட்டியது. ஆனால் துல்லியம் போதவில்லை. எனவே 6 அடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்தார்கள். அதன் ஒரு முனையில் விசிறி. பட்டறையில் இருந்த அதே இன்ஜின்தான் விசிறியையும் சுற்றியது. பெட்டிக்குள், காற்றின் விசையை அளக்கும் தராசு ஒன்று தேவைப்பட்டது. அப்படி ஒரு கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது. பழைய ஆக்ஸா பிளேடுகளையும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகளையும் எடுத்தார்கள். வெட்டி, வளைத்து, தராசைச் செய்து முடித்தார்கள்!

1901-ம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஏறத்தாழ 200 வகையான குட்டி இறக்கைகளை அந்தப் பெட்டியில் வைத்துச் சோதித்தார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எல்லோரும் நம்பிப் பயன்படுத்திய ஓர் எண்ணே தவறு என்பது தெரிந்தது. சரியான எண் அவர்கள் கையில் வந்துவிட்டது. 1902-ல் செய்த புதிய இறக்கை வண்டி அழகாக மிதந்தது.

அதிலும் ஒரு சிக்கல். சில சமயம் திரும்பும்போது வண்டி சுழன்று தரையில் போய் மோதியது. ஒருநாள் இரவு அதிகமாகக் காபி குடித்துவிட்டதால் ஆர்விலுக்குத் தூக்கம் வரவில்லை. படுத்தபடியே யோசித்தார். அசையாமல் இருக்கும் வாலை அசையும்படி செய்தால் என்ன? காலையில் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் ஒப்புக்கொண்டார். சிக்கல் தீர்ந்தது.

ஆறு வாரத்தில் ஓர் இன்ஜின்

இனி இன்ஜின்தான் பாக்கி. எடை குறைந்த இன்ஜின் வேண்டும் என்று பல கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். ஏற்ற இன்ஜின் எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் கடையில் சார்லி டெய்லர் என்ற மெக்கானிக் வேலை பார்த்தார். மூவரும் காகிதத்தில் படம் போட்டார்கள். அந்தக் காகிதத்தை எதிரே மாட்டி வைத்துக்கொண்டு, அதே லேத்து, அதே துளை போடும் இயந்திரம் இவற்றை வைத்து, சார்லி ஆறே வாரத்தில் இன்ஜினைச் செய்துவிட்டார். எடையைக் குறைக்க, அதன் உடலை அலுமினியத்தில் வார்த்தார்கள்.

1903 பிப்ரவரியில் அதை ஓட்டிப் பார்த்தபோது அலுமினிய உடல் வெடித்து உடைந்தது. சோர்ந்து போகவில்லை. மறுபடியும் வார்த்தார்கள். ஓடியது! அதன் சக்தி 12 குதிரைத் திறன்.

அந்தச் சக்தியைக் காற்றாடிகளுக்கு எப்படிக் கொண்டு போவது? இது கேள்வியா என்ன? சைக்கிளில் எப்படி? செயினும் பல் சக்கரமும்தான்! ஒரு செயினை நேராக மாட்டினார்கள். இன்னொன்றை எட்டு வடிவில் குறுக்காக மாட்டினார்கள். அப்போதுதான் இரண்டு காற்றாடிகளும் எதிரெதிர்த் திசையில் சுழன்று, விமானம் ஒரு பக்கமாக இழுக்காமல் இருக்கும். காற்றாடிகளைக் கைக்கோடாலியால் செதுக்கினார்கள்.

கழன்ற பல் சக்கரம்

1903 செப்டம்பரில் மீண்டும் கிட்டி ஹாக் போனார்கள். நவம்பர் 5-ம் தேதி இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். அது விக்கி விக்கி ஓடியது. அந்தக் குலுக்கலில் காற்றாடிகளைத் தாங்கும் தண்டுகள் சேதமாகின. அவற்றை ரிப்பேருக்காக டேடனில் இருந்த சார்லிக்கு அனுப்பினார்கள். தண்டுகள் திரும்பி வர நவம்பர் 20 ஆகிவிட்டது.

வந்ததும் மாட்டினார்கள். இப்போது பல் சக்கரங்கள் தண்டிலிருந்து கழன்று கழன்று ஆடின. எவ்வளவு இறுக்கினாலும் சில நொடிகளில் மீண்டும் தளர்ந்தன. குளிர் நடுக்கியது. காலம் ஓடியது. என்ன செய்தார்கள் தெரியுமா? சைக்கிள் டயரை வளையத்தோடு ஒட்டப் பயன்படுத்தும் கெட்டிப் பசையை எடுத்தார்கள். தண்டையும் பல் சக்கரத்தையும் சூடாக்கி, மரைக்குள் பசையை உருக்கி விட்டு இறுக்கினார்கள். அதன்பின் அது கழலவே இல்லை! சைக்கிள் கடைக்காரர் அல்லாத வேறு யாருக்கு இது தோன்றியிருக்கும்?

ஆனால் கஷ்டம் தீரவில்லை. நவம்பர் 28-ம் தேதி ஒரு தண்டில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தது. ஆர்வில் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ரயில் ஏறி டேடன் போய், குழாய்க்குப் பதிலாக உறுதியான எஃகுக் கம்பியில் புதிய தண்டுகள் செய்துகொண்டு டிசம்பர் 11-ம் தேதி திரும்பினார். அந்த இடைவெளியில், புகழ்பெற்ற விஞ்ஞானி லாங்லியின் விமானம் டிசம்பர் 8-ம் தேதி ஆற்றில் விழுந்து நொறுங்கியது. அதற்கு அமெரிக்க அரசு 50,000 டாலர் கொடுத்திருந்தது. ரைட் சகோதரர்கள் தங்கள் விமானத்துக்குச் செலவழித்ததோ 1,000 டாலருக்கும் குறைவு. அதுவும் சைக்கிள் விற்ற பணம்!

அந்த 12 நொடிகள்

டிசம்பர் 14-ம் தேதி நாணயத்தைச் சுண்டிப் போட்டார்கள். வில்பருக்கு முதல் வாய்ப்பு. கிளம்பியதும் விமானம் மூக்கை அதிகமாகத் தூக்கி, மூன்றரை நொடிகளில் மணலில் இறங்கிவிட்டது. சில பாகங்கள் உடைந்தன. இரண்டு நாள் ரிப்பேர்!

டிசம்பர் 17. எலும்பைத் துளைக்கும் குளிர். இந்த முறை ஆர்விலின் வாய்ப்பு. 60 அடி நீளமான மரத் தண்டவாளத்தின் மேல் விமானம் நின்றது. அதைத் தாங்கிய சிறு வண்டியின் உருளைகள் எதனால் செய்தவை? சைக்கிள் ஹப்பால்தான்! கடற்கரை மீட்புப் படையினர் உட்பட ஐந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

காலை 10.35 மணி. ஆர்வில் கீழ் இறக்கையில் குப்புறப் படுத்தார். கட்டியிருந்த கம்பியை விடுவித்தார். விமானம் ஓடியது. வில்பர் இறக்கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே ஓடினார். அப்புறம்... அது மேலே எழும்பியது!

12 நொடிகள். 120 அடி தூரம். கிரிக்கெட் பிட்ச் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் வரும் நீளம்கூட இல்லை. ஆனால், அந்த 12 நொடிகளில் உலகம் மாறிவிட்டது. அன்று மதியம் வில்பர் 59 நொடிகள் பறந்து 852 அடி போனார். பிறகு பெருங்காற்று அடித்து விமானத்தைப் புரட்டிப் போட்டது. அந்த விமானம் அதன்பின் பறக்கவே இல்லை. அதனால் என்ன? எப்படிச் செய்வது என்பதுதான் தெரிந்துவிட்டதே!

விழுந்தாலும் காரணம் தேடு

வெற்றிக்குப் பிறகு பெரிய சோதனை ஒன்று காத்திருந்தது. 1908 செப்டம்பர் 17-ம் தேதி அமெரிக்க ராணுவத்துக்குப் பறந்து காட்டினார் ஆர்வில். உடன் செல்ப்ரிட்ஜ் என்ற ராணுவ அதிகாரி. திடீரென்று விமானம் செங்குத்தாக விழுந்தது. செல்ப்ரிட்ஜ் இறந்து போனார். விமான விபத்தில் உயிரிழந்த முதல் பயணி அவர்தான். ஆர்விலுக்குத் தொடை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. தங்கை கேதரின் தன் ஆசிரியை வேலையை விட்டு ஓடி வந்து அண்ணனைக் கவனித்தார்.

தன்னுடன் வந்தவர் இறந்த துயரம் ஒரு பக்கம், உடல் வலி மறு பக்கம். ஆனாலும் ஆர்வில் உடைந்த பாகங்களை ஆஸ்பத்திரிக்கே கொண்டு வரச் செய்து பார்த்தார். காற்றாடி ஒன்று விரிசல் விட்டு, நடுங்கி, வாலைத் தாங்கிய கம்பியை அறுத்துவிட்டது என்று கண்டுபிடித்தார். தவறைத் திருத்தினார். மறு ஆண்டே அதே இடத்துக்கு வந்து, ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பறந்து காட்டினார்! ராணுவம் அந்த விமானத்தை வாங்கிக்கொண்டது.

1912 மே 30-ம் தேதி வில்பர் டைபாய்டு காய்ச்சலால் இறந்தார். சிறு வயது முதல் சேர்ந்தே சிந்தித்த அண்ணன் போன பிறகு, ஆர்விலுக்குத் தொழிலில் மனம் செல்லவில்லை. 1915-ல் கம்பெனியை விற்றுவிட்டார். டேடனில் சிறிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை வைத்துக்கொண்டு, தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

கடைசி ரிப்பேர்

உலகமே கொண்டாடிய அந்த மனிதர், வீட்டில் எதற்கும் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட மாட்டார்! மழைநீரைச் சேர்த்து வடிகட்டும் ஏற்பாட்டை அவரே செய்தார். படிக்கும்போது புத்தகத்தைத் தாங்க, நாற்காலியில் அவரே ஒரு தாங்கி பொருத்தினார். விடுமுறைக்குப் போகும் தீவில் மூட்டைகளை மேட்டில் ஏற்றத் தண்டவாளம் போட்டு, படகு மோட்டாரால் இழுக்க வைத்தார்.

1948 ஜனவரி 27-ம் தேதி காலையில் வீட்டு அழைப்பு மணி வேலை செய்யவில்லை. 76 வயது ஆர்வில், மாடிப்படியில் ஏறி இறங்கி அதைத் தானே ரிப்பேர் செய்தார். அதன்பின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார். அங்கே மாரடைப்பு வந்தது. ஜனவரி 30-ம் தேதி இறந்து போனார். விமானத்தைக் கண்டுபிடித்தவர் கடைசியாகச் செய்த வேலை, ஓர் அழைப்பு மணியைச் சரி செய்தது!

அவர் பறந்த 1903-ம் ஆண்டு விமானம் இன்று வாஷிங்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களின் சைக்கிள் கடை ஒன்றையும் டேடனில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2021-ல் செவ்வாய்க் கிரகத்தில் பறந்த குட்டி ஹெலிகாப்டரில், அந்த முதல் விமானத்தின் இறக்கைத் துணியிலிருந்து ஒரு சிறு துண்டை வைத்து அனுப்பினார்கள். சைக்கிள் பட்டறையில் உருவான விமானத்தின் துணி, செவ்வாய் வரை போய்விட்டது!

குட்டீஸ், அடுத்த முறை உங்கள் சைக்கிளில் ஏதாவது சத்தம் வந்தால் உடனே அதை ஓரம் கட்டிவிடாதீர்கள். கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். எது கழல்கிறது? ஏன் கழல்கிறது? கழலாமல் இருக்க என்ன செய்யலாம்? இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பிரேக்கைத் தொடும்போது மட்டும் அப்பாவையோ, அண்ணனையோ, சைக்கிள் கடை மாமாவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும் முன் பிரேக் பிடிக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும் மறக்காதீர்கள். சரிதானே?